இன்னும் மண்ணாகாத மணல்

என் இடது கை ஆள்காட்டி விரலின் நுனி சற்று வளைந்திருக்கும். பாம்பனில் படகு இன்ஜின் பட்டறையைத் தொடங்கிய புதிதில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் விரலைக் கொடுத்துவிட்டேன். பாலத்தைத் தாண்டி மண்டபத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தையல் போட்டு, தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டு மாற்றிய நர்ஸ் முதல் நாளே என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மொதல்ல இந்தக் கிரீஸைக் கழுவிட்டு வாங்க. நான் புண்ணுக்கு மருந்து போடவா, இன்ஜினுக்கு மருந்து போடவா?"

விரல் ஆறிய பிறகும் நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரி. மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் பேச்சு வார்த்தை நின்று, பிறகு பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரம் போய் வந்து, எல்லாம் சரியாயிற்று. அது பெரிய கதை இல்லை. நான் சொல்ல வந்தது எங்கள் வீட்டுக் கொல்லையைப் பற்றி.

பாம்பனில் எங்கள் வீடு தென்கடலோரம். வாசலிலும் மணல், கொல்லையிலும் மணல். மணல் என்றால் எனக்கு அது படகு இழுத்துப் போடுகிற இடம், வலை காய்கிற இடம், கருவாடு காய்கிற இடம். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. கல்யாணமாகி வந்தவள் ஊரிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டு வந்திருந்தாள். கொல்லையில் குழி தோண்டி நட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் நிற்கவே இல்லை. அது போன இடத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு குடம் ஊற்றினாள். அதுவும் போயிற்று. ஒரு வாரத்தில் கன்று கருகியது.

"இது மண்ணே இல்லைங்க" என்றாள்.

"பின்ன என்னவாம்?"

"இன்னும் மண்ணாகல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் நாங்கள் அவள் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அவள் சொன்னதன் பாதியாவது எனக்குப் புரிந்தது. அறுவடை முடிந்த கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவளுடைய அய்யா, என் மாமனார், ஒரு வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு கட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே அனல் அடிக்கிறது, அந்தக் கட்டி குளிர்ந்திருந்தது. போன ஐப்பசியில் பெய்த மழை இன்னும் அதற்குள் இருக்கிறது என்றாள் அவள். அந்த மண் எத்தனை ஆழம் என்று கேட்டேன். கிணறு வெட்டியபோது ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கறுப்பாகவே இருந்ததாம். அதற்குக் கீழே சுக்கான் கல், அதற்கும் கீழேதான் பாறை.

"அந்தப் பாறதான் நைஞ்சு நைஞ்சு இப்பிடி ஆச்சு" என்றாள். "வெயில்ல வெடிச்சு, மழையில ஊறி, புல்லு மொளச்சு மக்கி. கண்மாய்த் தண்ணி வேற வருசா வருசம் வண்டலக் கொண்டாந்து போடுது. யாரும் செஞ்சதில்ல. ஆனா சும்மாவும் வந்ததில்ல."

கிளம்பும்போது காய்ந்த கண்மாயிலிருந்து ஒரு மூட்டை வண்டல் கட்டிக்கொண்டாள். ராமநாதபுரத்தில் பஸ் ஏறியபோது கண்டக்டர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, இந்தக் கனம் கனக்கு?"

"மண்ணுங்க."

"மண்ணா?" அவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "காசிக்குப் போறவுக ராமேஸ்வரத்துல இருந்து மணல் எடுத்துட்டுப் போறதத்தான் பாத்திருக்கேன். ராமேஸ்வரத்துக்கே மண்ணு கொண்டு போறது நீங்கதான் மொத ஆளு."

பாலத்தில் பஸ் ஏறும் வரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்தாள். மூட்டையின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த வண்டலைக் கொல்லையில் பாத்தி போலப் பரப்பினோம். கறுப்பாக, பார்க்க அழகாக இருந்தது. வடகிழக்குப் பருவத்தின் முதல் மழை அடித்து ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் வெள்ளை மணல். நைந்த வண்டலெல்லாம் மணலின் இடுக்குகள் வழியாகக் கரைந்து கீழே இறங்கிவிட்டது. குச்சியால் கிளறிப் பார்த்தாள். அங்கங்கே ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான்.

"மண்ணக் கொண்டாந்து கொட்டுனா மட்டும் மண்ணாகாது போல" என்றாள். அப்போது அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். மறுபடி குனிந்து வேலை செய்ய வேண்டாம் என்று அம்மா சத்தம் போட்டதால் அப்படியே விட்டுவிட்டோம்.

குழந்தை தங்கவில்லை. பிறக்கும்போதே உயிர் இல்லை. பெண். அவள் ஆஸ்பத்திரியில் கிடக்க, நானும் என் தாய்மாமாவும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அதுவும் கடலோரம்தான். குழி தோண்டத் தோண்டப் பக்கவாட்டிலிருந்து மணல் சரிந்து உள்ளே விழுந்துகொண்டே இருந்தது. பலகை வைத்துப் பிடித்துக்கொண்டு வைத்தோம். திரும்பி வந்ததும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மண்ணு எப்பிடி இருந்துச்சு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மணல்தான்" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பல நாட்கள் கொல்லைப் படியில் உட்கார்ந்தே இருந்தாள். வேலைக்குப் போகவில்லை. அம்மா கூப்பிட்டால் சாப்பிடுவாள். ஒரு காலையில் நான் பட்டறையிலிருந்து டீ குடிக்க வந்தபோது படியில் ஆள் இல்லை. சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து வந்தாள். பழைய வலைத் துண்டில் சருகு மூட்டை கட்டித் தலையில் வைத்திருந்தாள். கொல்லையின் நடுவில் கொட்டினாள். மறுபடி போனாள். அம்மாதான் கேட்டாள்.

"ஏ பிள்ள, சருகக் குமிச்சு வச்சா பாம்புல்ல வரும்?"

"வரட்டும் மாமி" என்றாள். "பாம்பு வந்தா எலி இருக்குன்னு அர்த்தம். எலி வந்தா திங்க எதோ இருக்குன்னு அர்த்தம். இப்ப இங்கன எறும்பு கூட இல்ல."

அவளுக்கு எதுவும் தெரிந்து செய்யவில்லை. எல்லாம் தப்புத் தப்பாகத்தான் நடந்தது. மீன் கழிவை அப்படியே மணலில் புதைத்தாள். மூன்றாம் வீடு வரை நாறி, நாய்கள் தோண்டி, அடுத்த வீட்டு அக்கா தெருவில் நின்று சண்டை போட்டாள். கரை ஒதுங்கிய கடல்புல்லை அள்ளி வந்து போட்டாள். அதில் இருந்த உப்பில், நட்டு வைத்த கத்தரி நாற்று மடங்கி விழுந்தது. பிறகு கடல்புல்லை ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, உப்புப் போன பிறகு சேர்த்தாள். மீன் கழிவுக்கு மேலே சருகு, அதற்கு மேலே ஆட்டுப் புழுக்கை, அதற்கு மேலே பனையோலை என்று அடுக்கி மூடினாள். நாற்றம் நின்றது. பக்கத்து வீட்டு அக்காவே தன் வீட்டு மீன் செதிலைச் சட்டியில் கொண்டு வந்து தர ஆரம்பித்தாள்.

சாயங்காலங்களில் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அவள் குனிந்து தரையைப் பார்த்தபடி நடப்பாள். அலை எட்டாத இடத்தில் அடம்புக் கொடி ஊதாப் பூ பூத்துப் படர்ந்திருக்கும். அதைத் தூக்கி அடியில் விரலால் கிளறுவாள். இன்னும் உள்ளே தள்ளி, ராவணன் மீசைப் புல் கொத்துக் கொத்தாக நிற்கும் மணல்மேட்டில் கிளறுவாள். கோவிலுக்குப் பின்னால் இருந்த பழைய பூவரச மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து என்னிடம் காட்டினாள். அது மணல்தான், ஆனால் பழுப்பாக இருந்தது. விரல்களுக்கு இடையில் உடனே கொட்டிவிடாமல் லேசாக ஒட்டி நின்றது.

"பாத்தீங்களா? மொதல்ல கொடி வருது. ஓடுற மணலப் புடிச்சு நிறுத்துது. நின்ன மணல்ல புல்லு மொளைக்குது, எலை விழுது, அது மக்குது. அதுக்கப்பறந்தான் மரமெல்லாம். இந்தத் தீவு பூராவும் கொஞ்சங் கொஞ்சமா அந்த வேலைதான் நடக்குது. நாமதான் அது மேல நடந்துக்கிட்டே இருக்கோம்."

நான் அந்த மணலில் பிறந்து வளர்ந்தவன். என் காலடியில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாம் வருடம் ஒரு காலை, குவித்திருந்த சருகைப் புரட்டியபோது அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. அம்மா பூசணம் என்று தூக்கி எறியப் போனாள். அவள் ஓடி வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் வலை பின்னுகிறவர்களுக்குக் கூட அவ்வளவு மெல்லிய நூல் கண்ணுக்குத் தெரியாது. அது ஒரு இலையை இன்னொரு இலையோடும், இலையை மணலோடும் சேர்த்துத் தைத்திருந்தது. அவள் மூக்கருகில் வைத்து முகர்ந்து என்னிடம் நீட்டினாள். மழை பெய்து முடிந்த காட்டின் வாசம். அவள் ஊரில் நான் முகர்ந்த அதே வாசம். அன்றைக்குத்தான் குழந்தை போன பிறகு முதல் முறையாக அவள் தலையில் பூ வைத்துக்கொண்டாள்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. எங்கள் பக்கம் கரை ஏறவில்லை, ஆனால் கடல் ஏறியது. ரோட்டைத் தாண்டி வந்த தண்ணீர் கொல்லையில் முழங்கால் அளவு நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு வெயில் அடித்ததும் எல்லாவற்றின் மேலும் உப்புப் பூத்தது. முருங்கை, கத்தரி, தானாக முளைத்திருந்த தக்காளி எல்லாம் கருகின. குவியலில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் உப்பில் ஊறிக் கிடந்தது. பட்டறையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை, ஊரில் இருந்த இன்ஜின்களெல்லாம் தண்ணீர் குடித்திருந்தன. இரவு வீடு திரும்பினால் அவள் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தாள்.

"விடுங்க. போதும்" என்றாள்.

கொஞ்ச நாளில் அவளோடு படித்த ஒருத்தி மூலம் வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வந்தது. போகட்டுமா என்று கேட்டாள். எங்கள் கரையிலிருந்து ஆண்கள்தான் அந்தப் பக்கம் மீன்பிடிக்கப் போவார்கள். பெண்கள் இங்கே காத்திருப்பார்கள்.

"நான் எதும் கொறை வச்சேனா?" என்று கேட்டேன்.

"உங்கமேல ஒண்ணும் இல்ல. இங்கன இருந்தா நான் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பேன். கொஞ்ச நாள் வேற எதையாவது நெனச்சுட்டு வாரேன்."

திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கை காட்டினாள். நான் வேனில் ஊர் திரும்பியபோது பாம்பன் பாலத்தில் காற்று வேனையே தள்ளியது.

கொல்லைக் கதவை நான் பல மாதம் திறக்கவில்லை. அடுத்த மழைக்காலம் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எதற்கோ கதவைத் திறந்தேன். கொல்லை பச்சையாக இருந்தது. யாரும் போடாத மூக்கிரட்டையும் கோரையும் அருகும் முளைத்துக் கிடந்தன. மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிட்டிருந்தது. குவியல் இருந்த இடத்தில் குனிந்து கையை விட்டேன். சருகு இல்லை. சருகாக இருந்தது வேறு ஏதோவாக மாறியிருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, ஈரமாக. நாங்கள் எல்லாம் போயிற்று என்று கதவைச் சாத்தின பிறகும் உள்ளே அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் வீடியோ காலில் கொல்லையைக் காட்டினேன். "கீழ கொண்டு போங்க" என்றாள். போனைத் தரையோடு பிடித்தேன். "இன்னுங் கீழ." கோரைக்கு நடுவே போனை வைத்தே விட்டேன். அன்றிலிருந்து கூப்பிட்டால் என் முகத்தைப் பார்க்கிறாளோ இல்லையோ, "கொல்லையக் காட்டுங்க" என்பாள்.

அங்கே தான் இருந்த ஊரையும் எனக்குக் காட்டினாள். அவள் அறை ஜன்னலுக்கு வெளியே மணல். ரோட்டோரம் வரிசையாக மரங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு கறுப்புக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"குழாயப் புடுங்குனா ரெண்டே நாள்ல செத்துரும். எங்க ஐசியு பேஷண்ட் மாதிரி வச்சிருக்காங்க" என்றாள். பிறகு, "நான் எங்க போனாலும் மணலு என்னத் தொரத்துது" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் சருகு அள்ள ஆரம்பித்தேன். பட்டறையை அடைத்துவிட்டு, கிரீஸ் கையோடு சவுக்குத் தோப்புக்குப் போவேன். படகுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "ஏலே, இன்ஜினுக்குச் சருகு போட்டு ஓட்டப் போறியா?" அவளில்லாத சாயங்காலத்தை வேறு எப்படிக் கடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடலுக்குப் போகிறவன் என்றால் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். நான் இன்ஜின்காரன்.

அவளுடைய அய்யா ஒருமுறை மகள் இல்லாத வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். வேர்க்கட்டு மண்ணோடு ஒரு வாழைக்கன்று கொண்டு வந்திருந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் இருவரும் சேர்ந்து நட்டோம். கொல்லையைச் சுற்றி வந்து பார்த்தார். "எம் மக ஒத்தையில இதச் செஞ்சாளா, மாப்பிள்ள?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

வாழை வேர் பிடித்து இரண்டாவது கன்று விட்டபோது அதைப் பெயர்த்து நட மண்வெட்டி போட்டேன். வெட்டிய பாளத்தில் ஒரு மண்புழு நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கரிசலிலிருந்து வேர்க்கட்டோடு பஸ் ஏறி, பாலம் தாண்டி வந்திருக்க வேண்டும். பாம்பன் மணலில் மண்புழுவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளங்கையில் எடுத்து வீடியோ பிடித்து அனுப்பினேன். அவள் டூட்டியில் இருந்தாள். வெகு நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அத வெயில்ல வச்சிருக்காதீங்க. உள்ள விடுங்க" என்றாள். அதோடு முடிந்தது. அந்தப் பதிவை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

புழு வந்த பிறகு மற்றவை வந்தன. மரவட்டை வந்தது. அரணை வந்தது. காக்கையும் கடற்காகமும் தவிர வேறு பறவை இறங்காத எங்கள் கொல்லையில் ஒரு காலை கொண்டலாத்தி இறங்கி, நீண்ட மூக்கால் மண்ணைக் குத்திக் குத்தி எதையோ எடுத்துத் தின்றது. சருகைக் கண்டாலே சத்தம் போட்ட அம்மா இப்போது குச்சியை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோழிகளை விரட்டுகிறாள். "எம் மருமக மண்ணு அது, கிண்டாத" என்று கோழியிடம் சொல்கிறாள்.

போன வருடம் விடுப்பில் வந்தாள். பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். அரிவாளால் கேக் வெட்டுவதுபோல ஓரத்தில் நேராகக் கீழே வெட்டி, பாளத்தைச் சாய்த்துப் பார்த்தாள். மேலே கறுப்பு. அதன் கீழே பழுப்பு. அதன் கீழே சாம்பல். அதற்குக் கீழே, எப்போதும் இருந்த வெள்ளை மணல். கறுப்பு என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. இத்தனை வருடத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"இம்புட்டுத்தான் வந்திருக்கு" என்றேன்.

"இம்புட்டு வந்துருச்சே" என்றாள் அவள். குனிந்து கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா கதவு வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஒரு பக்கெட் நிறைய அந்தக் கறுப்பு மண்ணை அள்ளிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சின்னச் சிலுவையைச் சுற்றிக் கையாலேயே மணலை ஒதுக்கி, மண்ணைப் போட்டு, ஒரு நித்தியகல்யாணிச் செடியை நட்டாள். தண்ணீர் ஊற்றினேன். சற்று நேரம் மினுங்கி நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. இருவரும் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விடுப்பு முடிவதற்கு முன் கேட்டேவிட்டேன். "நீ இங்கனயே இருந்துரேன்."

"இன்னொரு தடவ கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள். "இந்தத் தடவ மறக்கறதுக்குப் போகல. அங்க என் வார்டுல ஆளு பத்தாது, நடுவுல விட்டுட்டு வர முடியல. முடிஞ்சதும் வாரேன்." என் வளைந்த விரலைப் பிடித்து நீவிக்கொண்டே சொன்னாள். நான் சரி என்றேன். ஆனால் அவள் போன பிறகு படியில் அவள் உட்காரும் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

அவள் ஊரில் எல்லோருக்கும் மண் பிறக்கும்போதே காலடியில் இருக்கிறது, அதனால் அதைப் பற்றி ஏங்கத் தேவையில்லை. அவளை இங்கே கொண்டு வந்து அந்த ஏக்கத்தைக் கொடுத்தவன் நான். இப்போது அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. நானே பார்க்காத ஆழத்தை நினைத்து ஏங்குகிறேன்: ரெண்டு ஆள் ஆழம். அது வர எத்தனை தலைமுறை ஆகுமோ. நாங்கள் இருவரும் இருக்க மாட்டோம்.

போன வாரம் கூப்பிட்டாள். நான் போனை எடுக்கும்போதே இங்கே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முதல் மழை. "என்ன சத்தம்?" என்று கேட்டாள். மழை என்றேன்.

"போனப் படியில வச்சிட்டு நீங்க பேசாம இருங்க."

கூரைக்கு அடியில் நனையாத இடமாகப் பார்த்து வைத்தேன். மழை வலுத்தது. வாழை இலையில் விழும் சத்தமும் சருகில் விழும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரோ அரபியில் எதையோ அறிவித்தார்கள்.

"டூட்டிக்கு நேரமாச்சு" என்றாள்.

"சரி, போ" என்றேன்.

ஆனால் அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.